கொக்கி தாங்கும், பிரேக் தாங்குமா?



போன கிழமை கல்யாண வீடொன்றுக்குக் கதிரை, சஹன், பெரிய சட்டிகள் எல்லாவற்றையும் ட்ரெய்லரில் ஏற்றி, வேனின் பின்னால் கொழுவிக்கொண்டு போனோம். மடவளைப் பக்கம் ஓர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தும் வேன் நிற்கவில்லை. பாரம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இருவர் உள்ளே. மண்மேட்டில் முட்டித்தான் நின்றோம். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை.

"1,500 கிலோ இழுக்கும்" என்று சொல்லித்தான் கொக்கியைப் பூட்டித் தந்தார்கள். பொய்யில்லை, ஆனால் அது கொக்கியின் கணக்கு. அமெரிக்காவில் கொக்கிகளை வகுப்பு பிரித்திருக்கிறார்கள்: முதலாம் வகுப்பு சுமார் 900 கிலோ, இரண்டாவது சுமார் 1,600. வகுப்பு கூடிய கொக்கியைப் பூட்டியதால் வேனுக்குப் பலம் கூடாது. வேனின் புத்தகம், கொக்கி, ட்ரெய்லர் மூன்றிலும் எந்த அளவு குறைவோ அதுதான் எல்லை. ட்ரெய்லரின் சொந்த நிறையும் அதற்குள் அடங்கும். கொக்கியில் அமரும் பாரம் மொத்தத்தில் 10 முதல் 15 வீதம் இருக்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் பாம்பாக ஆடும். நாங்களோ சட்டிகளை எல்லாம் கடைசியில் அடுக்கியிருந்தோம்!

கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். கடுகண்ணாவ ஏற்றம் 44 அடிக்கு ஓரடிதான். அதற்கே நீராவிக் காலத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என எஞ்சின் போட்டார்கள். நம் ஊர்ப் பாதைகள் பல அதைவிடச் செங்குத்து. ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் தெரிந்துவிடும். இறக்கம் முன்கூட்டிச் சொல்லாது.

வரும் ஞாயிறு இன்னொரு கல்யாணம். சட்டிகளுக்குச் சின்ன லொறி பேசிவிட்டோம். பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள்.