விளக்கணைந்த இரவு

செஞ்சிக் குன்றுகளில் பிறக்கும் சங்கராபரணியின் கிளையாகிய சுண்ணாம்பாறு, புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக்கடலில் கலக்கிறது. அம்முகத்துவாரத்தை அடுத்த சவுக்குத் தோப்பில், பங்குனி மாதத்து மாலை ஒன்றில், நகரத்துக் குடும்பம் ஒன்று கூடாரம் அமைத்தது.

சவுக்கைக் கண்ட சிறுமி, அதனை மலைநாட்டு ஊசியிலை மரம் என்றே எண்ணினாள். தந்தை ஓர் இணுக்கை ஒடித்துக் காட்டினார். ஊசிபோல் தோன்றுவது இலையன்று. கணுக்கள் கொண்ட மெல்லிய பசுங்கிளை. உண்மையான இலைகள் கணுதோறும் சிறு செதில்களாக ஒட்டியிருந்தன. வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரசனை உரமாக்கித் தருவதால், வளமற்ற மணலிலும் இம்மரம் தழைக்கிறது. புன்னையும் தாழையும் மணந்த நெய்தல் நிலத்திற்குப் பிற்காலத்தில் வந்த விருந்தாளி அது.

இருள் சூழ்ந்ததும் சருகு குவித்துத் தீ மூட்ட முனைந்தனர். அவ்வழியே வந்த முதிய மீனவர் நின்றார்.

"நெருப்பு வேண்டா, தம்பி, விளக்கையும் அணைத்துவிடுங்கள். பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரிக்கும் காலம் இது" என்றார்.

மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், கடல்மேல் தோன்றும் மெல்லொளியை நோக்கியே நகரும். கரையில் விளக்கெரிந்தால் திசை மாறித் தோப்புக்குள் புகுந்து மடியும்.

தந்தை விளக்கை அணைத்தார். அன்றிரவு குஞ்சுகள் வந்தனவா என்பதை எவரும் அறியவில்லை. விடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிய சிறுமி, கூடாரக் கயிறு கட்ட அடித்த முளைகளின் குழிகளையும் மணலிட்டு நிரவினாள். குஞ்சுகள் கடந்துசெல்லும் வழியல்லவா அது!