யாரேனும் உண்டா?

எங்கள் அலுவலகத்தில் மாடிக்கு ஒன்றும் கீழ்த்தளத்துக்கு ஒன்றுமாக இரண்டு அச்சுப்பொறிகள் இருந்தன. வைத்தவர் அக்கறையற்றவர்; இரண்டுக்கும் 'ஆபீஸ்' என்றே பெயரிட்டுவிட்டுப் போயிருந்தார். கணினித் திரையில் அவை 'ஆபீஸ்', 'ஆபீஸ்-2' என்று தெரிந்தன. முதலாவது என் மேசைக்கு நான்கடி தொலைவில் இருந்தது. ஒரு பிற்பகல் மின்சாரம் போய்வந்த பின் விடுப்புக் கடிதமொன்றை 'ஆபீஸ்' என்பதற்கு அனுப்பினேன். அங்கு எவரிடமும் சொல்லியிராத என் நோயின் பெயர் அதில் இருந்தது. பக்கத்திலிருந்த பொறியில் தாள் வரவில்லை.

இணையத்தில் பெயர் என்பது பட்டா நிலம் போன்றது. யாரோ பதிவுசெய்து தருகிறார்கள்; 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்த முறை அது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் இருக்கும் சிறு வலையமைப்பில் அப்படிப் பதிவாளர் இருக்க வேண்டியதில்லை. புதிதாய் வரும் பொறி, எல்லோருக்கும் கேட்கும்படி 224.0.0.251 என்ற பொது முகவரியில் குரல் கொடுக்கிறது: இந்தப் பெயரில் யாரேனும் உண்டா? கால் நொடி இடைவெளியில் மூன்று முறை. எதிர்க்குரல் இல்லையென்றால் பெயர் அதற்குரியது. இருந்தால், பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் கேட்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2002இல் இதை 'ராண்டேவூ' என்று கொண்டுவந்தது. அந்தப் பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கோரியதால் 2005இல் 'பான்ஷூர்' என்று மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பெயர்ச் சண்டையைத் தீர்க்க வந்ததற்கே அந்தக் கதி. 2013இல் ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் குரோக்மலும் எழுதிய ஆர்.எஃப்.சி. 6762 இதன் விதிகளைச் சொல்கிறது.

முறையாக அணைக்கப்படும் பொறி, தன் பெயரின் ஆயுள் இனி பூஜ்யம் என்று அறிவித்து விடைபெறும். மின்வெட்டில் அதற்கு அவகாசமில்லை. புதிதாய்ப் பெற்ற பெயரை நினைவில் வைத்திருப்பது நல்லது என்கிறது விதி. எங்கள் பொறிகள் வைத்திருக்கவில்லை. அன்று மாடியிலிருந்தது முதலில் விழித்து 'ஆபீஸ்' ஆகிவிட்டது. எனக்கருகில் இருந்தது இரண்டாம் எண்ணோடு சும்மா நின்றது. எவரையும் ஏமாற்றும் எண்ணம் அவற்றுக்கு இல்லை. கேட்டன, மறுப்பில்லை, எடுத்துக்கொண்டன. அந்த நம்பிக்கைக்குள் என் கடிதம் போய் விழுந்தது.

படியேறப் போனபோது மாடியில் பணிபுரியும் அம்மாள் ஒருவர் எதிரே இறங்கி வந்தார். எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி தாளை நான்காக மடித்திருந்தார். "உங்களுடையதுதானே?" என்று மட்டும் கேட்டார். படிக்காமல் அது என்னுடையதென்று தெரிந்திருக்க முடியாது. பிறகு ஒருநாளும் அதைப்பற்றி அவர் பேசவில்லை.

மறுவாரம் பெயர்களை 'மேல்தளம்', 'கீழ்த்தளம்' என்று தமிழிலேயே மாற்றினேன். கணினிப் பிரிவு இளைஞர் எடுக்குமா என்று தயங்கினார். 63 பைட்டுகள் வரை இடமுண்டு. தமிழில் உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனியே மூன்று பைட்டுகளை விழுங்கும். 'கீழ்த்தளம்' முப்பதில் அடங்கிவிட்டது.

அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு, வெற்றுத்தாள் ஒன்றை முதலில் அனுப்பிப் பார்த்தேன்.