கன அடியும் குடத்துத் தண்ணீரும்

சாயங்காலச் செய்தி நடந்துகொண்டிருக்கிறது. அடுப்பில் ரசம் நுரை கட்டும் சமயம். "மேட்டூர் அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி, திறப்பு இத்தனை ஆயிரம் கன அடி" என்று வாசிக்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? ரசத்தைத்தான் இறக்குவீர்கள். தங்கத்தின் விலையைச் சொன்னால் மட்டும் கரண்டி அந்தரத்தில் அப்படியே நிற்கும். எனக்குத் தெரியாதா என்ன?

தங்கம் விலை ஏறினால் வாங்காமல் இருந்து விடலாம். தண்ணீர்ச் சமாசாரம் அப்படியல்ல. நாம் காதில் போட்டுக் கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் அது வீட்டு வாசலுக்கு வந்து சேரும், அல்லது வராமலே இருந்து விடும். அதனால்தான் இந்தக் கன அடியைக் கொஞ்சம் சமையலறைக்குள் அழைத்து வந்து உட்கார வைக்கலாம் என்று தோன்றியது. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய் விடாதீர்கள். பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் போடுகிறவர்களுக்கு இது ஒரு பிரமாதமா?

ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத்தில் ஒரு பெட்டி செய்து தண்ணீரை நிரப்புங்கள். அது ஒரு கன அடி. லிட்டரில் சொன்னால் 28.3. நம் ஊரில் லாரியடியில் வரிசை வைக்கிறோமே, பிளாஸ்டிக் குடம், அதில் ஏறக்குறைய 14 லிட்டர் பிடிக்கும். ஆகவே ஒரு கன அடி என்பது இரண்டு குடம் தண்ணீர். விநாடிக்கு ஒரு கன அடி என்றால், கடிகாரம் 'டிக்' என்னும்போதெல்லாம் இரண்டு குடம். இதைத்தான் இன்ஜினீயர்கள் க்யூசெக் என்கிறார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் குழாயடிக்கு வாருங்கள். 15 லிட்டர் வாளி நிரம்ப ஒன்றேகால் நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் குழாய் நிமிஷத்துக்கு 12 லிட்டர் விடுகிறது. அப்படிப்பட்ட குழாய்களை 140க்கு மேல் ஒரே சமயத்தில் திறந்து விட்டால்தான் ஒரு க்யூசெக் ஆகும். மேட்டூரிலே பத்தாயிரம் க்யூசெக் என்றால் எத்தனை குழாய் என்று நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. மீட்டர் என்பது மூன்றேகால் அடி. துணிக் கடையில் ரவிக்கைத் துண்டு கிழிக்கும்போது அந்தக் கணக்குச் சரி. வீட்டுக்குத் தரை போடும்போது பாருங்கள்: ஒரு சதுர மீட்டரில் மூன்றேகால் சதுர அடி இல்லை, பத்தேமுக்கால் சதுர அடி இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு வந்தால் ஒரு கன மீட்டரில் முப்பத்தைந்தேகால் கன அடிக்குச் சற்று அதிகமாகவே இருக்கிறது! நீளத்தில் ஒரு தடவை, அகலத்தில் ஒரு தடவை, ஆழத்தில் ஒரு தடவை என்று மூன்றேகால் மூன்று முறை பெருகி விடுகிறது. துணிக் கணக்கை ஆற்றிலே போட்டால் ஆறு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப் போகும். டில்லியிலிருந்து வரும் அறிக்கைகளில் சில சமயம் ஆற்று நீரை விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று போடுவார்கள். அதைக் கண்டால் 35 ஆல் பெருக்குங்கள். நம் கன அடி வந்து விடும். பெருக்காமல் படித்தால் வெள்ளம் ஓடை போலத் தோன்றும்.

அடியும் மீட்டரும் ஏன் இப்படிக் கலந்து கிடக்கின்றன என்று கேட்பீர்கள். 1957-ல் நயா பைசா வந்தது. 1958-லிருந்து படிப்படியாகச் சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தது. பிறகு படி போய் லிட்டர் வந்தது. பாட்டிமார்கள் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிக் கொண்டார்கள். ஆனால் ஆறு மட்டும் பழைய அடிக்கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு காவிரியில் தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னதுகூடக் கன அடிதான். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. பாகப் பிரிவினைத் தகராறு நடக்கும் வீட்டில் யாராவது அளவுகோலை மாற்றுவார்களா? மாற்றினால், "அளவை மாற்றி என் பங்கைக் குறைத்து விட்டான்" என்று பெரியண்ணன் கிளம்புவான், சின்னண்ணன் கிளம்புவான். அதனால்தான் யாரும் தொடவில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கன அடியிடம் ஒரு நல்ல குணம், அது ஊருக்கு ஊர் மாறுவதில்லை. காலன் இருக்கிறதே, அது மகா பொல்லாதது. எங்கள் வீட்டில் குடிதண்ணீர் சுத்தப்படுத்தும் யந்திரத்துக்கு உள்ளே வைக்கும் உருளையை மாற்ற ஒரு பையன் வந்தான். உறையின் மேல் '75 ஜி.பி.டி.' என்று இருந்தது. நாளைக்கு 75 காலன் என்று அர்த்தம். "மணிக்கு 12 லிட்டர் வரும், அம்மா" என்றான் பையன். கீழ் வீட்டுத் தாத்தாவுக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. சிறு வயதில் அப்பாவின் காருக்குக் காலன் கணக்கில் பெட்ரோல் போட்ட ஞாபகம் அவருக்கு. "காலனுக்கு நாலரை லிட்டர்! மணிக்குப் பதினாலு வரணும். இவன் ஏமாற்றுகிறான்" என்று மாடிப்படியில் நின்று ஒரே சத்தம். பையன் பாவம், முழித்தான்.

இருவர் சொன்னதும் சரி! தாத்தாவின் காலன் இங்கிலாந்துக் காலன், 4.546 லிட்டர். உறையின் மேல் இருந்ததோ அமெரிக்கக் காலன், 3.785 லிட்டர்தான். 1824-ல் இங்கிலாந்து தன் காலனை மாற்றிக்கொண்டது. அமெரிக்கா பழைய ஒயின் காலனைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று விட்டது. ஒரு லிட்டர்ச் செம்பைக் குழாயின் கீழே வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் நிரம்பிற்று. அதாவது மணிக்கு 12. தாத்தாவுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்துச் சமாதானம் செய்தோம். இருந்தாலும், "அமெரிக்காக்காரன் காலனிலேகூடக் கஞ்சத்தனம்" என்று சொல்லிக்கொண்டேதான் இறங்கினார்.

விளையாட்டு இருக்கட்டும். என் பிறந்தகம் தஞ்சாவூர் ஜில்லாவில், கொள்ளிடத்துக்குப் பக்கத்தில். அங்கே அண்ணி இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிறாள். ஒரு நாள் முழுவதும் விநாடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகிறது. ஆகவே மேட்டூரில் வரத்து 3,000, திறப்பு 14,500 என்று செய்தி வந்தால், வித்தியாசம் 11,500. நாள் ஒன்றுக்கு ஒரு டி.எம்.சி. இறங்குகிறது. அணை நிரம்பி 120 அடி நின்றால் 93.47 டி.எம்.சி. அன்றைக்குக் கையிருப்பு 60 என்றால், குடிதண்ணீருக்கும் அடியில் கிடப்பதற்கும் கழித்துக்கொண்டு, "நாற்பத்தைந்து நாள் தாங்கும்" என்பாள் அண்ணி. பயிர் கதிர் முற்ற எத்தனை நாள் பாக்கி? அறுபது. நடுவிலே பதினைந்து நாள் மழைதான் கை கொடுக்க வேண்டும். உரத்துக்கும் களையெடுக்கும் கூலிக்கும் இன்னும் பணம் போடுவதா, வளையலை அடகு வைப்பதா, வேண்டாமா? அந்த வீட்டில் அதைத் தீர்மானிப்பது இந்த ஒரு கழித்தல்தான். செய்தி வாசிக்கும்போது அங்கே ரசம் பொங்கி வழிந்தாலும் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

சென்னையில் இருக்கும் நமக்கு மேட்டூரைவிட ஏரிகள் முக்கியம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று பத்திரிகையில் கட்டம் போட்டு வருகிறது. அதில் ஏரியின் இருப்பை மில்லியன் கன அடியில் போடுகிறார்கள். பக்கத்திலேயே நகரத்துக்கு அனுப்பும் தண்ணீரை மில்லியன் லிட்டரில் போடுகிறார்கள்! மாமனார் வீட்டில் வராகனில் எண்ணுகிறார், மருமகன் ரூபாயில் செலவழிக்கிறார் என்கிற மாதிரி. இதற்கும் அதே 28.3 போதும். செம்பரம்பாக்கம் நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி. நகரத்துக்கு நாளைக்கு ஆயிரம் மில்லியன் லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அது 35 மில்லியன் கன அடிக்குச் சற்று அதிகம். வகுத்துப் பார்த்தால் அந்த ஏரி ஒன்று மட்டும் நகரத்தை நூறு நாளைக்கு மேல் காப்பாற்றும். வெயில் குடிப்பது வேறு கணக்கு.

இனி நான் சொல்லப் போவது 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதியைப் பற்றி. அப்போது நாங்கள் அடையாற்றுக்கு மிக அருகில், தரைத் தளத்தில் குடியிருந்தோம். விடாத மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்து விடும் தண்ணீரின் அளவு ஏறிக்கொண்டே போகிறதென்று டெலிபோனில் துண்டு துண்டாகச் செய்தி வந்தது. பக்கத்து வீட்டார் எல்லாரும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்கள். ஆயிரம் என்றாலும் பதினாயிரம் என்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

என் மாமியாரும் கொள்ளிடக்கரை மனுஷிதான். சோபாவில் உட்கார்ந்து ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "ஏம்மா, நம்ம கொள்ளிடம் லட்சம் கன அடி போனாலும் தாங்கும். அது அகலம் அப்படி. இந்த ஆறு எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டார்.

பதில் சொல்ல ஒருவருமில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் ஆற்றின் அக்கரை தெரிந்தது. கொள்ளிடத்தில் அக்கரை மனுஷன் எறும்பு மாதிரி இருப்பான். இங்கே அக்கரையில் குடை பிடித்து நின்றவருடைய சட்டையின் கட்டம்கூடத் தெரிந்தது. "பத்தாயிரமா? விநாடிக்கு இருபதாயிரம் குடம் இந்தச் சந்திலே நுழையப் போகிறது. எழுந்திருங்கள்" என்றார் மாமியார். அரிசி டின், பத்திரங்கள் இருந்த பெட்டி, குழந்தையின் புத்தகங்கள், ஸ்வாமி படங்கள் எல்லாவற்றையும் இரண்டாம் மாடிக்கு ஏற்றினோம். மாமியாரை நாற்காலியோடு தூக்கிக் கொண்டு போனோம். இருட்டிய பிறகு தண்ணீர் வந்தது. விடிவதற்குள் எங்கள் ஜன்னல் கட்டைக்கு மேலே நின்றது. எதிர்ச் சாரியில் ஒரு வீட்டில் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த புடவைகள் அத்தனையும் சேற்றோடு போயின. அந்தப் பெண்ணின் தாயார் மறுநாள் மாடியில் உட்கார்ந்து அழுததை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அன்று அந்த ஏரியிலிருந்து அதிகபட்சமாகத் திறந்தது விநாடிக்கு 29,000 கன அடி என்று பிறகு தெரிந்தது. வழியிலே மற்ற ஏரிகளிலிருந்து வந்து சேர்ந்தது தனி. 29,000 கன அடியை லிட்டராக்கினால் விநாடிக்கு எட்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். 12,000 லிட்டர்த் தண்ணீர் லாரியாகச் சொன்னால், ஒவ்வொரு விநாடியும் 68 லாரி. நகரத்துக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஆயிரம் மில்லியன் லிட்டரும் அந்த வேகத்தில் இருபது நிமிஷத்தில் கடலுக்குப் போய் விடும்.

நாலு வருஷம் கழித்து, 2019 கோடையில் அதே ஏரி வெடித்த தரையாகக் கிடந்தது. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் அதை வரவேற்றதை டெலிவிஷனில் காட்டினார்கள். நான் பழக்க தோஷத்தில் அடுப்பங்கரைக் காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரே ஒரு க்யூசெக், விநாடிக்கு நம் இரண்டே குடம், ஒரு நாள் முழுவதும் ஓடினால் 24½ லட்சம் லிட்டர். ஆக, ஒரு ரயில் தண்ணீர் என்பது ஒரு க்யூசெக்கின் ஒரு நாள் ஓட்டம். 2015 டிசம்பர் வேகத்தில் ஓடியிருந்தால் அந்த ரயில் முழுவதும் மூன்றே விநாடி!

மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்கை மேலும் கீழும் பார்த்தார். "மூணு விநாடியா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஜபமாலைகூட அன்றைக்கு நின்று போயிற்று.

இப்போது நாங்கள் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். ஆனாலும் ஐப்பசி பிறந்தால் காலண்டரில் இரண்டு பத்தி கோடு போட்டு விடுவேன்: ஏரிக்கு வரத்து ஒன்று, திறப்பு ஒன்று. பென்சிலை நூலில் கட்டித் தொங்க விட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் குழந்தை எடுத்துக்கொண்டு போய் விடுகிறான். எண்ணை எழுதி, இரண்டால் பெருக்கி, இத்தனை குடம் என்று மாமியாருக்குப் படித்துச் சொன்னால்தான் அவர் ராத்திரிப் பலகாரத்துக்கு உட்காருவார்.