கப்பலில் எந்த அறை?

உல்லாசக் கப்பலில் அறை பார்ப்பது பெண்ணுக்கு வரன் பார்ப்பது போன்ற காரியம். வரனைப் பற்றியாவது ஊரில் நாலு பேரிடம் விசாரிக்கலாம். கப்பல் அறையைப் பற்றி நமக்குக் காட்டப்படுவது, பல வர்ணங்களில் தீட்டிய ஒரு படமும் ஒரு விலைப் பட்டியலுந்தான். 2024 ஜூன் மாதத்தில் அலாஸ்காவுக்குப் போய் வருவதென்று நாம் தீர்மானித்தபோது, அந்தப் படத்தின் எதிரே கழித்த மாலைப் பொழுதுகளை எண்ணினால், பிரயாணத்தின் ஏழு இரவுகளைவிட அவை அதிகமாகவே இருக்கும்.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நம் மனைவிக்கு முந்திய ஆண்டில் இரண்டு முழங்கால்களிலும் சிகிச்சை நடந்திருந்தது. மேல்தளத்தில், குளிரில், கூட்டத்தினிடையே மணிக்கணக்காக நிற்பது அவளால் ஆகாது. அவள் பனிமலையைப் பார்க்க வேண்டுமானால், பனிமலை அவள் அறை வாசலுக்கு வந்தாக வேண்டும். வான்கூவரில் உத்தியோகம் பார்க்கும் நம் மகளோ, "அப்பா, போவதென்றால் ஸ்யூட்டில்தான் போக வேண்டும், பணம் நான் தருகிறேன்" என்று பிடிவாதம் செய்தாள். அது அவள் வீடு வாங்குவதற்கென்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம். ஆகவே, எந்த அறை உண்மையில் வேண்டும், எது வெறும் ஆடம்பரம் என்பதைப் பிரித்தறிவது நமக்குக் கடமையாயிற்று.

இக்காலத்துக் கப்பல்களில் அறைகள் பெரும்பாலும் நான்கு ஜாதி. கப்பலின் வயிற்றுக்குள் ஜன்னலே இல்லாமல் இருப்பது உள்ளறை. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்தது இரண்டாவது. கதவைத் திறந்து வெளியே நாற்காலி போட்டு உட்காரக்கூடிய பால்கனி அறை மூன்றாவது. அதற்கும் மேலே ஸ்யூட்: தனிக் கூடம், பட்லர், ஏறும்போதும் இறங்கும்போதும் முன்னுரிமை, சில கப்பல்களில் தனிச் சாப்பாட்டு மண்டபமும் உண்டு. விலையெல்லாம் ஓர் அறையில் இருவர் என்ற கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று சொல்லப்படும். தனியே போகிறவர் பல கப்பல்களில் ஏறக்குறைய இரட்டிப்பாகவே கொடுக்க வேண்டியிருக்கும். கப்பல்காரர் கணக்கில் தனி மனிதன் என்பவன், வராமல் போன இன்னொருவனுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறவன்.

கடலைப் பார்த்துத் தனியே உட்காரும் இந்தப் பாக்கியம் முற்காலத்தில் எளிதாயிருக்கவில்லை. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில், சுமார் 50 அடி நீளமுள்ள சொந்த உலாவு தளம் இரண்டே இரண்டு ஸ்யூட்டுகளுக்குத்தான் இருந்தது. 1984-ல் வேல்ஸ் இளவரசி டயானா பெயர் சூட்டிய 'ராயல் பிரின்ஸஸ்' என்னும் கப்பலில்தான் பிரயாணிகளின் அறைகள் யாவுமே வெளிப்புறம் பார்த்தவையாக அமைந்தன. அவற்றில் பலவற்றுக்குப் பால்கனியும் இருந்தது. அதன் பிறகு கட்டப்பட்ட கப்பல்கள் அடுக்கடுக்காகப் பால்கனிகள் வைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் பம்பாய் மாடி வீடுகள் மிதந்து வருவதுபோல் தோன்றலாயின. ஆனால் வகுப்புப் பேதம் ஒழிந்துவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். 2004-ல் ஓடத் தொடங்கிய 'குவீன் மேரி 2' கப்பலில் எந்த அறை எடுக்கிறோமோ அதைப் பொறுத்தே எந்த மண்டபத்தில் இராச் சாப்பாடு என்பதும் அமைகிறது.

எந்தப் பக்கத்து அறை என்ற கேள்விக்கு நம் தேசத்தோடு சம்பந்தப்பட்ட பழங்கதை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் உயர்தரமானதை, பகட்டானதைக் குறிக்கும் 'போஷ்' என்ற சொல், இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆயிற்றென்றும், பீ அண்ட் ஓ கம்பெனி அதைச் சீட்டுகளில் முத்திரையிட்டதென்றும் சொல்வார்கள். அப்படி முத்திரையிட்ட சீட்டு ஒன்றுகூட இன்றுவரை அகப்படவில்லை. சொல்லாராய்ச்சிக்காரர்கள் இதை நம்புவதுமில்லை. கதை பொய்யானாலும் அதிலுள்ள வெயில் மெய். செங்கடலில் தென்கிழக்காக வரும் கப்பலுக்குப் பிற்பகல் வெயில் வலப்பக்கத்தில் விழும். இடப்பக்கத்து அறை சற்றே ஆறியிருக்கும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் அது பெரிய விஷயந்தான். அதே கப்பல்களின் அடித்தட்டில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட நம் லஸ்கர்களுக்கு எந்தப் பக்கம் கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைக்கார மாலுமியைவிட லஸ்கருக்குக் குறைந்த இடமே போதுமென்று அக்காலத்துச் சட்டமே சொல்லிற்று. 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்காக 'ராஜபுதானா' கப்பலில் சென்ற காந்தியடிகள் இரண்டாம் வகுப்பில் சீட்டு வாங்கி, பெரும் பொழுதை மேல்தளத்திலேயே கழித்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அலாஸ்கா விஷயத்தில் பக்கத்தைவிட முக்கியமானது எங்கிருந்து புறப்படுகிறோம் என்பது. ஸியாட்டிலிலிருந்து செல்லும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த சமுத்திரத்தில் போகின்றன. அந்நேரத்தில் பால்கனியிலிருந்து தெரிவது தண்ணீர் மட்டுமே. போதாததற்கு, 1886-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி அந்நியக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறையில் ஏற்றியவர்களைச் சுற்றிக் காட்டி அங்கேயே இறக்க வேண்டுமானால் நடுவில் ஓர் அந்நியத் துறையைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் விக்டோரியா நகரில் சில மணி நேரம் நிறுத்திக் கணக்குத் தீர்க்கிறார்கள். வான்கூவரிலிருந்து போகும் கப்பலோ, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்வழியாகச் செல்கிறது. இரு பக்கமும் மலையும் காடுமாக இருக்கும். மகள் இருக்கும் ஊரும் அதுவே ஆனபடியால் நமக்கு யோசனை மிச்சம்.

பிறகு தளம். எல்லாவற்றிலும் உயரத்தில், முன்மூக்கை ஒட்டி இருக்கும் ஸ்யூட்டுகளுக்கு விலை மிக அதிகம். ஆனால் கப்பல் அசையும்போது நடுப்பகுதி ஊஞ்சலின் கட்டையருகே இருப்பதைப் போல. முனைகளும் உச்சியும் ஊஞ்சல் பலகையைப் போல. அதிகப் பணம் கொடுத்து அதிக ஆட்டத்தை வாங்குவது என்ன விவேகமோ தெரியவில்லை! நீச்சல் குளத்துக்கு நேர் கீழே அறை எடுத்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சப்தம் நம்மை எழுப்பும். நாடகக் கொட்டகைக்கு மேலே எடுத்தால் இரவில் தூக்கம் கிடையாது. முன்பக்கத்தில் கீழ்த்தளமாயின், துறை சேரும்போதெல்லாம் நங்கூரச் சங்கிலியின் முழக்கம் கேட்கும். சில அறைகளின் ஜன்னலை உயிர்காப்புப் படகு மறைத்துக்கொண்டு நிற்கும். படத்தில் அது சிறு புள்ளியாகத்தான் காணப்படும். அடுத்த அறைக்குப் போக இடைக்கதவு உள்ள அறையில், பக்கத்துக் குடும்பத்தின் சண்டை முழுவதையும் இலவசமாகக் கேட்கலாம். அறையின் எண்ணைக் கப்பல்காரரின் இஷ்டத்துக்கே விட்டுவிட்டால் விலையில் சலுகை உண்டு. முழங்கால் நோயுள்ளவர்கள் அந்தச் சலுகைக்கு ஆசைப்படலாகாது. மின்தூக்கிக்கும் அறைக்கும் இடையே ஒரு தெரு நீளம் நடக்க நேரிடலாம்.

இவ்வாறெல்லாம் கழித்துக்கொண்டே வந்ததில் மிஞ்சியது, ஆறாம் தளத்தின் நடுவே, மேலும் கீழும் அறைகளே உள்ள, மின்தூக்கிக்குப் பக்கத்துப் பால்கனி அறை. உள்ளறையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விலை. ஸ்யூட்டில் பாதிக்கும் குறைவு. அதை நம் பணத்திலேயே வாங்கினோம். மகளுக்கு இரண்டு நாள் வரை கோபம்.

வான்கூவரை விட்டதும் 1938-ல் கட்டிய லயன்ஸ் கேட் பாலத்தின் கீழே கப்பல் நுழைந்தது. மிக உயரமான கப்பல்கள் இங்கே வேலியேற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்துத்தான் போக வேண்டும். இரவில் ஸீமோர் ஜலசந்தியைக் கடந்தோம். அங்கே தண்ணீருக்குள் ஒளிந்திருந்த 'ரிப்பிள்' பாறை பல கப்பல்களைக் காவு கொண்டதால், அடியில் சுரங்கம் தோண்டி, 1958 ஏப்ரல் 5-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜூனோ அலாஸ்காவின் தலைநகரானாலும் வெளியூரிலிருந்து அதற்குச் சாலை கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டும். ஸ்காக்வேயில் 1900-ல் பூர்த்தியான மலை ரயில், பிரயாணிகளைத் துறைமுகத்திலேயே ஏற்றிக்கொள்கிறது. 1897, 1898-ல் தங்கம் தேடிப் போனவர்கள் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சாமானைச் சுமந்து ஏறிய மலையில், நம் மனைவி மெத்தை ஆசனத்தில் அமர்ந்து ஏறினாள்.

பனிமலை விரிகுடாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அங்கே அனுமதியில்லை. காலையில் சிறு படகில் வந்து வனக் காவலர்கள் நம் கப்பலில் ஏறினார்கள். 1794-ல் வான்கூவர் என்ற ஆங்கிலத் தளபதியின் ஆட்கள் வந்தபோது இங்கே குடாவே இல்லை. பனிச்சுவரில் ஒரு சிறு பள்ளமே இருந்தது. 1879-ல் ஜான் மூர் வந்து பார்த்தபோது பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. பனி முன்னேறி வந்தபோது ஊரை இழந்து வெளியேறியவர்கள் ஹூனா த்லிங்கித் மக்கள். இது அவர்களுடைய பூர்வீகம்.

மார்ஜரி பனியாற்றின் முகம் ஒரு மைல் அகலம். தண்ணீருக்கு மேலே 250 அடி உயரம். மேல்தளத்தில் ஜனங்கள் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்குமாக ஓடிக்கொண்டிருக்க, கப்பல் அதன் எதிரே நின்று, உரலில் குழவி சுற்றுவதுபோல் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிற்று. பக்கம் பார்த்து அறை வாங்கியவர்களுக்கும் பாராமல் வாங்கியவர்களுக்கும் ஒரே காட்சி! நம் மனைவி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காலை நீட்டி, காபியும் கையுமாக அமர்ந்திருந்தாள். நீலம் பாய்ந்த அந்தச் சுவரிலிருந்து ஒரு கோபுரம் அளவு துண்டு சரிந்தது. விழுந்ததைக் கண் கண்டபின் சற்றுக் கழித்தே காதுக்கு முழக்கம் எட்டியது. 'வெண்ணிடி' என்ற பொருளில் த்லிங்கித் மக்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்போது படுக்கை மாற்ற வந்தார் அறைப் பணியாளர், கோவாக்காரர். அந்தப் பருவம் முழுதும் வாராவாரம் இவ்விடம் வருகிறவர். "பார்த்திருப்பீர்களே?" என்று கேட்டாள் மனைவி. இந்த நேரம் எப்போதும் தமக்கு அறை வேலை நேரம் என்றார். அவருடைய அறை நீர்மட்டத்துக்குக் கீழே, இருவர் படுக்கை, ஜன்னல் இல்லை. "வாருங்கள், தம்பி" என்று தன் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. கதவோரமாக நின்று இரண்டு நிமிஷம் பார்த்தார்; கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு தலையணைகளைத் தட்டிப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார். விலைப் பட்டியலில் இல்லாத ஐந்தாவது ஜாதி அறை அது.

சாப்பாட்டு மேஜையில் எதிரே அமர்ந்த ஓர் ஆஸ்திரேலியக் கிழவர், எப்போதும் உள்ளறைதான் எடுப்பது வழக்கம் என்றார். மிச்சப் பணத்தில் இன்னொரு பிரயாணம். தூங்குவதற்கு மட்டுமே அறை. ஜூன் மாதத்து அலாஸ்காவில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் இருட்டறைதான் உறக்கத்துக்கு உகந்தது என்பது அவர் வாதம். எண்பதை எட்டிய அந்த மனிதர் மேல்தளத்தில் நம்மையெல்லாம் விட வேகமாக நடந்தார். கால் நன்றாயிருப்பவர்களுக்கு அவர் சொல்வதே சரி என்பது நம் அபிப்பிராயம்.

திரும்பும் வழியில் குவீன் சார்லட் ஜலப்பரப்பில், தீவுகளின் மறைவு நீங்கிச் சமுத்திர அலை நேரே வந்து மோதிற்று. நம் மேஜைமேல் இருந்த தண்ணீர்க் குவளை இரண்டு அங்குலம் நகர்ந்து நின்றது. மறுநாள் காலைச் சிற்றுண்டியின்போது, பத்தாம் தளத்து முன்ஸ்யூட்டில் இருந்த தம்பதிகளைக் காணோம். பட்லர் அவர்களுக்கு இஞ்சித் தேநீர் கொண்டுபோனதாகக் கேள்வி.