பேரிங் ஏன் போச்சு?

தம்பி, பேரிங் போனதும் 'சிந்தெடிக் ஆயிலுக்கு மாறிடலாம் சார்' என்று வந்து நிற்கிறாய். மாறலாம். போன பேரிங்கை வெட்டித் திறந்து பார்த்தாயா?

உருளை ஓடும் தடத்தில் பழுப்பாகத் துருக்கறை இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பளபளப்பு மங்கி, பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தால் தூசி. உருளையைத் தாங்கும் எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதைவிடப் பருத்த மணல் உள்ளே வந்த பிறகு மினரல் என்ன, சிந்தெடிக் என்ன? சீலை மாற்று. சிலர் பேரிங் சுடுகிறதே என்று இன்னும் நாலு பம்ப் கிரீஸ் அடிப்பார்கள். அந்தக் கிரீஸைக் கடைந்தே அது இன்னும் சுடும்.

சிந்தெடிக்குக்கு வேலை இருக்கும் இடம் வேறு. காகித ஆலையின் ட்ரையர் உருளைக்குள் நீராவி போவதே அதன் அச்சின் நடுத்துளை வழியாகத்தான். பேரிங்குக்கு இரவும் பகலும் வேக்காடு. ஆயிலின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய கணக்கு, இன்றும் செல்லும். மினரல் ஆயில் அங்கே சீக்கிரம் கறுத்துப் பிசினாகிவிடும்.

இரண்டு டப்பாவிலும் வி.ஜி. 220 என்றே போட்டிருக்கும். அது 40 டிகிரியில் அளந்த கெட்டித்தன்மை. 100 டிகிரியில் மினரல் 19 சென்டிஸ்டோக்ஸ் அளவுக்கு இளகிவிடும், பி.ஏ.ஓ. வகை சிந்தெடிக் 25-க்குக் குறையாமல் நிற்கும். உன் பேரிங் ஓடும் சூட்டில் எவ்வளவு என்று கேள்; ஆயில் விற்க வருபவர் அதற்குப் பதில் சொல்லட்டும். 55 டிகிரியில் சாதுவாக ஓடும் ஃபேன் பேரிங்குக்கு மினரலே தாராளம். பல மடங்கு விலை கொடுத்து அதில் சிந்தெடிக் ஊற்றுவது, என்னைக் கேட்டால், அடுத்தவன் காசு என்ற தைரியம்தான்.

சூடான இடத்துக்கு மாறுவதென்றே முடிவானால், எந்த வகை என்று பார்த்து வாங்கு. பி.ஏ.ஓ. மினரலோடு ஓரளவு ஒத்துப்போகும். பி.ஏ.ஜி. சேராது, பழைய ஆயில் மிச்சமிருந்தால் சகதியாகித் திரண்டு குழாயை அடைக்கும், சில பெயின்ட்டையும் சீலையும்கூட அரிக்கும். முழுக்க வடித்து, கழுவிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அந்த டிரம்முக்குத் தனிக் கைப்பம்பு, தனி வாளி வை. டிரம், பம்பு, வாளி மூன்றுக்கும் ஒரே நிறம் அடித்துவை. ராத்திரி ஷிஃப்டில் அவசரத்தில் ஓடிவருபவன் லேபிளைப் படித்துக்கொண்டிருக்க மாட்டான்.