சினமா, அபிமானமா?

உணர்ச்சிகள் நெஞ்சில் தாமே எழுகின்றன. சொற்கள் பின்னால் வந்து பெயர் சூட்டுகின்றன. நாம் இவ்வாறே எண்ணி வருகின்றோம். பெயர் மாறினால் உணர்ச்சியும் மாறுமோ?

1962-இல் அமெரிக்க உளநூலார் ஷாக்டரும் சிங்கரும் மாணவர்களுக்கு வைட்டமின் என்று கூறி அட்ரினலின் ஊசி போட்டனர். நெஞ்சு படபடக்கும் என்று முன்பே அறிந்தவர்கள் அது மருந்தின் வேலை என்று இருந்துவிட்டனர். அறியாதவர்களோ, உடன் இருந்தவன் களித்தால் களிப்பு என்றும், சினந்தால் சினம் என்றும் அதற்குப் பொருள் கொண்டனராம். பின்வந்த சோதனைகள் இதனை முழுதும் உறுதி செய்யவில்லை. எனக்கோ கொல்கத்தாவில் ஊசியின்றியே ஒரு சோதனை வாய்த்தது.

சென்ற ஆண்டு தங்கையின் திருமணத்திற்கு நாள் குறித்தார்கள். என் தேர்வு நடக்கும் வாரம்! அப்பா என்னை ஒரு சொல் கேட்கவில்லை. செய்தியே மாமா வழியாகத்தான் வந்தது. தொண்டை அடைத்தது, சோறு இறங்கவில்லை. "அப்பா மேல் கோபம்" என்றேன், வங்காளியான அறைத்தோழரிடம்.

"அவரைத் திட்டத் தோன்றுகிறதா?"

"இல்லை."

"அவராகவே கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும் என்று இருக்கிறதா?"

நான் பேசவில்லை.

"இது கோபம் இல்லை, ஒபிமான்" என்றார்.

நம் 'அபிமானம்' என்ற அதே வடசொல்தான். தமிழில் பற்றையும் மதிப்பையும் குறிக்கும். வங்காளத்திலோ, நெருங்கியவர் நம்மைப் பொருட்படுத்தாதபோது எழும் நோவு அது. அயலார்மேல் அது தோன்றாது. நமக்கு ஊடல் இல்லையா என்பீர்கள். உண்டு, திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் அதைப் பற்றியனவே. ஆனால், தந்தையோடு ஊடினேன் என்று எழுதினால் தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்! மனத்தாங்கலோ பங்காளிகளுக்குள்ளும் உண்டு. அதற்கு அன்பு வேண்டியதில்லை. தொல்காப்பியர் வெகுளிக்கு நான்கு காரணங்கள் காட்டினார்: உறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொல்லுதல். பாவம், என் அப்பா இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை.

கோபம் என்று நினைத்தவரை, அவரிடம் சொல்லவேண்டிய கடுஞ்சொற்களையே மனம் அடுக்கிக்கொண்டிருந்தது. ஒபிமான் என்றதும் அவ்வடுக்குச் சரிந்தது. நெஞ்சின் பாரம் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் அது அப்பாவின் குரலுக்குக் காத்திருக்கும் பாரமாகிவிட்டது.

மூன்றாம் நாள் அப்பா கூப்பிட்டார். "என்னடா, கோவிச்சுக்கிட்டியா?"

கோபித்தான் என்பது வேறு; கோபித்துக்கொண்டான் என்பது வேறு. கோபித்துக்கொண்டு மூலையில் உட்காரும் பிள்ளை, சாப்பிட வா என்ற அழைப்பை எதிர்பார்த்தே உட்காருகின்றது. அகராதியில் நான் தேடிய சொல்லை, எங்கள் வீட்டார் 'கொள்' என்னும் துணைவினைக்குள் வைத்திருந்தார்கள்.