26-லிருந்து 14-க்கு இறங்கிய வால்யூம்... அப்பாவின் காருக்கு ஸ்பீக்கர் மாற்றிய அனுபவம்!

கார் ஆடியோ என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது, சிக்னலில் பக்கத்தில் வந்து நின்று நம் வண்டிக் கண்ணாடியையும் சேர்த்து அதிரவைக்கும் ‘டம் டம்’ கார்தான். எனக்கு வேண்டியது அது இல்லை. பாட்டில் வரும் வார்த்தைகள் அப்பாவுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா 26 வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். அந்த வேலையை விட்டதும் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன ஹேட்ச்பேக் வாங்கினோம். வண்டி கிளம்பினால் எண்பதுகளின் இளையராஜா பாடல்கள் ஓடியே ஆகவேண்டும். ஸ்டீரியோவில் வால்யூம் எப்போதும் 26-ல் நிற்கும். “காது கிழியுதுங்க” என்பார் பின் சீட்டில் இருக்கும் அம்மா. “சத்தம் வருது, என்ன பாடுறாங்கன்னுதான் தெரியலை. கம்பெனி ஸ்பீக்கர் சரியில்லை” என்பார் அப்பா.

தீபாவளி போனஸில் 15,000 ரூபாயை இதற்கென ஒதுக்கினேன். அதுவரை கார் ஆடியோவில் எனக்குத் தெரிந்தது வால்யூம் பட்டன் மட்டும்தான்.

“யார் கேக்கப் போறாங்க?”

சென்னையில் கார் ஆக்சஸரீஸ் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான். நான் ஏறிய முதல் கடையில், வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சப்வூஃபர் விலையைச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது கடையில் இருந்த அண்ணன்தான், “யார் கேக்கப் போறாங்க, என்ன பாட்டு கேப்பாங்க?” என்று விசாரித்தார். அப்பாவின் பிரச்னையைச் சொன்னதும், முன் கதவைப் பிரித்து ஸ்பீக்கரைக் கையில் கொடுத்தார். காகிதக் கோன், சின்னக் காந்தம், வெயிட்டே இல்லை.

“இந்த ஒரே கோன்தான் மிருதங்கத்தையும் வாசிக்கணும், எஸ்.பி.பி குரலையும் பாடணும், ஜால்ராவையும் தட்டணும். அதுவும் உங்க முழங்காலைப் பார்த்து” என்றார்.

விஷயம் இதுதான். அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. க, ச, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலியோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அந்தப் பகுதி மங்கினால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. ‘பட்டு’, ‘தட்டு’, ‘கட்டு’ மூன்றும் ஒன்றாகவே காதில் விழும். வால்யூமைக் கூட்டினால் உயிரெழுத்துகளும் சேர்ந்து கத்துமே தவிர, தெளிவு வராது. எங்கள் காரில் அந்த உயர் ஒலிகளுக்கான ட்வீட்டரே இல்லை. பெரிய கோன் கொஞ்சநஞ்சம் எழுப்பும் உயர் ஒலியும் நேர்கோட்டில் போய்க் காலில் மோதி அடங்கிவிடும்.

பெட்டியில் இருக்கும் வாட்ஸ்

ஸ்பீக்கரில் இரண்டு வகை சொன்னார். கோஆக்ஸியலில் ட்வீட்டர் அதே ஸ்பீக்கரின் நடுவில் இருக்கும். விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். காம்பொனென்ட்டில் ட்வீட்டர் தனி. சைடு மிரருக்கு உட்புறம் இருக்கும் முக்கோண மூடியில், காதுக்குப் பக்கமாகப் பொருத்தலாம். எங்களுக்கு இரண்டாவதுதான் சரி.

ஸ்டீரியோ பெட்டிகளில் ‘50 வாட்ஸ் x 4’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஒரு நொடித் துள்ளலின் கணக்கு. வண்டி ஓடும்போது கிடைக்கும் சுமார் 14 வோல்ட்டை வைத்துக்கொண்டு, வழக்கமான 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சாதாரண ஸ்டீரியோவால் தொடர்ந்து கொடுக்க முடிவது 20 வாட்ஸ் அளவுதான். அதனால் தனி ஆம்ப்ளிஃபையர் வாங்காதவர்கள் பார்க்கவேண்டியது சென்சிட்டிவிட்டி என்ற எண்ணை. அது 3 டெசிபல் கூடினால், பாதி பவரிலேயே அதே சத்தம் வரும். ஒரே விலையில் 88, 91 என இரண்டு ஜோடிகள் இருந்தன. 91-ஐ எடுத்தேன்.

அடுத்தது கதவு. ஸ்பீக்கர் முன்னால் எழுப்பும் அதே ஒலியைப் பின்பக்கமும் தலைகீழாக எழுப்பும். கதவுத் தகட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாக இரண்டும் கலந்தால், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட்டால் அந்த ஓட்டைகளை மூடினார்கள். தகடு கடகடப்பதும் நின்றது. ரோட்டுச் சத்தமும் கொஞ்சம் குறைந்தது. சப்வூஃபர் வாங்கும் எண்ணமே அதன்பிறகு எங்களுக்கு வரவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: கம்பெனி வயரை வெட்டக்கூடாது. வண்டி மாடலுக்கேற்ற கப்ளர் தனியாகக் கிடைக்கிறது; செருகினால் போதும். நாளைக்குப் பழைய ஸ்பீக்கரே வேண்டுமென்றாலும் மாட்டிவிடலாம். வாரன்டி உள்ள புது வண்டிக்காரர்களுக்கு இது ரொம்பவே முக்கியம்.

கதவை மூடும் முன் அண்ணன் 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் வயரில் தொட்டுக் காட்டினார். பிளஸ்ஸும் மைனஸும் சரியாக இருந்தால் இரண்டு கதவிலும் கோன் வெளிப்பக்கம் துள்ளும். ஒன்று மாறியிருந்தாலும் பேஸ் காணாமல்போகும், பாடகர் குரலும் கலங்கலாகிவிடும். உங்கள் வண்டியிலும் இதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

செலவு: ஸ்பீக்கர் 6,500, இரண்டு கதவுக்கு ஷீட் 3,000, கப்ளர் 400, கூலி 1,500. மொத்தம் 11,400 ரூபாய்.

ஸ்பீக்கர் மேல் பழி போட முடியாது

முதல் நாள் செங்கல்பட்டு வரை போனோம். டிரைவர் சீட்டுக்கு வலது ட்வீட்டர் பக்கத்தில் இருப்பதால், பேலன்ஸை இரண்டு புள்ளி இடதுபக்கம் நகர்த்தினேன். குரல் டேஷ்போர்டின் நடுவுக்கு வந்தது. அப்பாவே வால்யூமைக் குறைத்துக்கொண்டே வந்து 14-ல் நிறுத்தினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தூங்கிவிட்டார்.

ஆனால், வீட்டில் டி.வி சத்தம் குறையவில்லை. போனில், “என்ன? என்ன?” என்று அப்பா கேட்பதும் நிற்கவில்லை. இவ்வளவு நாளாக எல்லாவற்றுக்கும் கார் ஸ்பீக்கரையும் போனையும் டி.வி-யையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். காரில் அந்தக் காரணம் போய்விட்டது. இதைச் சொல்லித்தான் அவரை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரண்டு வருஷமாக வரமாட்டேன் என்றவர், “சரி பாப்பா, அதையும் பார்த்துடுவோம்” என்றார்.

ஆடியோகிராமில் இரண்டு காதுக்கும் கோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் இறங்கியிருந்தது. பலத்த சத்தத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் அடையாளம் இது. பழைய பஸ்களில் டிரைவருக்குப் பக்கத்திலேயே இன்ஜின். போனது திரும்பாது; இருப்பதைக் காப்பாற்றலாம், ஹியரிங் எய்டு உதவும் என்றார் மருத்துவர்.

நமக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் அது வெறும் 4 மணி நேரம். தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு 4 மணி நேரம் என்பது இரண்டே நாள்.

வெளியே வந்ததும் அப்பா, “எங்கூட ஓட்டினவனுங்க நாலு பேர் போன்ல கத்தித்தான் பேசுறானுங்க. அவனுங்களையும் வரச் சொல்லணும்” என்றார்.

மீதமிருந்த 3,600 ரூபாயை ஆம்ப்ளிஃபையருக்கு என்று வைத்திருந்தேன். இப்போது அது ஹியரிங் எய்டு கணக்கில் சேர்ந்துவிட்டது. அடுத்த வாரம் டிரையல் பார்க்கப் போகிறோம்.